செஸ் வரியைப் பற்றிக் கட்சிகள் வாய் திறக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி மன்றம் 12, 28 சதவீத அடுக்குகளை நீக்கி, பெரும்பாலான பொருள்களை 5 அல்லது 18 சதவீதத்துக்குள் கொண்டுவந்தது. இதைத் தீபாவளிப் பரிசு என்று மத்தியில் ஆள்வோர் கொண்டாடினர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், மேற்கு வங்கம் உள்ளிட்ட எட்டு மாநிலங்களோ வரிக் குறைப்பை வரவேற்ற அதே வேளையில், தங்களுக்கு நேரும் வருவாய் இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்று கோரின. இழப்பு சுமார் 48,000 கோடி ரூபாய் என்பது மத்திய அரசின் கணிப்பு. ஒன்றரை லட்சம் கோடியிலிருந்து இரண்டு லட்சம் கோடி வரை போகும் என்பது அந்த மாநிலங்களின் கணிப்பு. இந்த இரு கணிப்புகளில் எது சரி என்ற வாதத்திலேயே எல்லாக் கட்சிகளும் நின்றுவிட்டன. செஸ் என்ற பெயரில் மாநிலங்களுடன் பங்கிடாமல் மத்திய அரசு வசூலிக்கும் வரிக்கு வரம்பு வேண்டாமா என்ற, அதைவிட அடிப்படையான ஒரு கேள்வி பேசப்படாமலேயே போனதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஈரோட்டில் வணிகர்களுக்கு வரிக்கணக்கு எழுதித் தரும் தொழிலில் இருக்கிறேன். நூறு ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத வரி என்றால் ரசீதில் மத்திய ஜிஎஸ்டி 9 ரூபாய், மாநில ஜிஎஸ்டி 9 ரூபாய் என இரண்டு வரிகளாக அது வரும். மாநிலத்தின் 9 ரூபாய் நேரே மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. மத்திய அரசின் 9 ரூபாய், எல்லா மாநிலங்களுக்கும் பங்கிட வேண்டிய தொகுப்பில் சேர்கிறது. அதில் 41 சதவீதம், அதாவது 3 ரூபாய் 69 காசு, மாநிலங்களுக்குத் திரும்புகிறது. ஆக, வசூலாகும் 18 ரூபாயில் 12 ரூபாய் 69 காசு, ஏறத்தாழ 70 சதவீதம், மாநிலங்களுடையது. ஜிஎஸ்டி விகிதம் குறைந்தால் இழப்பிலும் அதே 70 சதவீதம் மாநிலங்களின் தலையில்தான் விழும். குறைப்பை அறிவித்த பெருமை ஓரிடத்திலும் இழப்பின் பெரும்பகுதி வேறிடத்திலும் சேர்வதை மறைத்துவிட்டு நடக்கும் எந்த விவாதமும் நேர்மையானதாக இருக்க முடியாது. மேற்சொன்ன 3 ரூபாய் 69 காசில், மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக் குழுக்களில் 15ஆவது குழு வகுத்த பங்கீட்டின்படி தமிழ்நாட்டுக்கு வந்தது வெறும் 15 காசு என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பங்கிட வேண்டிய வரியின் நிலையே இதுவென்றால், பங்கிடத் தேவையில்லாத வரியின் கதை இன்னும் கசப்பானது. அரசமைப்புச் சட்டத்தின் 270, 271ஆவது பிரிவுகளின்படி குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக மத்திய அரசு விதிக்கும் செஸ், வரியின் மேல் கூடுதலாக விதிக்கும் சர்சார்ஜ் ஆகியவற்றில் மாநிலங்களுக்குப் பங்கில்லை. பெட்ரோல் விலை நூறு ரூபாயைக் கடந்த 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். அப்போது லிட்டருக்கு 32 ரூபாய் 90 காசு மத்திய கலால் வரியாக வசூலிக்கப்பட்டது. அதில் 18 ரூபாய் சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ். 11 ரூபாய் சிறப்புக் கூடுதல் கலால் வரி. இரண்டரை ரூபாய் வேளாண் உள்கட்டமைப்பு செஸ். மாநிலங்களுடன் பங்கிடப்படும் அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. கிட்டத்தட்ட 33 ரூபாய் வரியில் அத்தனை மாநிலங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது 57 காசு.

இந்த நிலையில்தான் 2022 ஏப்ரலில், எரிபொருள் மீது மாநிலங்கள் விதிக்கும் மதிப்புக் கூட்டு வரியைக் குறைக்கவில்லை என்று தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களைப் பெயர் சொல்லிப் பிரதமர் குறைகூறினார். மத்திய அரசு 2021 நவம்பரில் கலால் வரியைக் குறைப்பதற்கு முன்பே, அந்த ஆண்டு ஆகஸ்டில் லிட்டருக்கு மூன்று ரூபாயைத் தமிழ்நாடு குறைத்திருந்தது என்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பதிலளித்தார். இருவர் பேச்சும் அன்று பெரிய செய்தியாயின. வண்டிக்கு எரிபொருள் போட்டுவிட்டு வந்த சாமானியருக்கு, தான் கொடுத்த வரி எந்தக் கருவூலத்துக்குப் போகிறது என்பதை எந்தக் கட்சியும் விளக்கவில்லை.

மத்திய அரசின் தரப்பிலும் நியாயம் உண்டு. பாதுகாப்பு, ரயில்வே, கடனுக்கான வட்டி ஆகிய பெருஞ்செலவுகளைச் சுமப்பது அது. செஸ் வழியாகத் திரட்டப்படும் பணத்தில் போடப்படும் தேசிய நெடுஞ்சாலைகள் நம் மாநிலத்திலும்தான் செல்கின்றன. பீகாரில் பள்ளிக்குப் போகும் குழந்தைக்கும் நம் வரியில் ஒரு பங்கு சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லா மாநிலங்களின் வாதத்தையும் கேட்டு நிதிக் குழு பரிந்துரைக்க வேண்டும் என்பதுதான் அரசமைப்பு காட்டும் வழி. மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் 2011-12இல் சுமார் 10 சதவீதமாக இருந்த செஸ், சர்சார்ஜ் 2020-21இல் சுமார் 20 சதவீதமாயிற்று. எஞ்சிய 80 சதவீதத்தில்தான் அந்த 41 சதவீதம் கணக்கிடப்படுகிறது என்னும்போது, மாநிலங்களின் கைக்கு வருவது 33 சதவீத அளவிலேயே நின்றுவிடுகிறது. நிதிக் குழு சொன்ன விகிதத்தை ஒரு சொல்லும் மாற்றாமலேயே அதன் பயனைக் குறைத்துவிட முடிகிறது. இதை நிதிக் கூட்டாட்சி என்று ஏற்க என்னால் இயலவில்லை.

இதில் எந்தக் கட்சியும் கைசுத்தமாக நிற்கவில்லை. 2004இல் 2 சதவீதக் கல்வி செஸ் விதிக்கப்பட்டபோது மத்திய நிதியமைச்சர் ப. சிதம்பரம், அந்த அமைச்சரவையில் திமுகவும் பங்கு வகித்தது. ஜிஎஸ்டியை 2006 பட்ஜெட்டில் முதலில் அறிவித்ததும் சிதம்பரம்தான்; அன்று அதை எதிர்த்த மாநிலங்களில் நரேந்திர மோடி முதலமைச்சராக இருந்த குஜராத் முக்கியமானது. உற்பத்தி நடக்கும் மாநிலத்தை விட்டு, பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கு வரி போகும் என்பதே குஜராத்தின் அச்சம். நம்முடைய அச்சமும் அதுவே. அந்த அச்சத்தைச் சொல்லி 2016 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வெளிநடப்புச் செய்த அதிமுக, ஜெயலலிதா மறைந்த பிறகு, 2017 ஜூனில் தமிழக சட்டப்பேரவையில் மாநில ஜிஎஸ்டி சட்டத்தை நிறைவேற்றியது. ஜிஎஸ்டியை உருவாக்கப் பாடுபட்ட காங்கிரஸ், அது தொடங்கிய நள்ளிரவுக் கூட்டத்தைப் புறக்கணித்தது. நாற்காலி மாறும்போதெல்லாம் கொள்கையும் மாறுமானால், மாநில உரிமை என்ற சொல்லை மக்கள் எப்படி நம்புவார்கள்?

மாநில அரசுகளும் தங்களுக்குக் கீழே உள்ளவர்களிடம் இதே முறையில்தான் நடந்துகொள்கின்றன. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்துவரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டபோது, நிதிக் குழுவின் நிபந்தனையே காரணம் என்று மாநில அரசு கூறியது. மக்கள் மீது சுமத்தப்பட்ட பாரம் என்று அதிமுக எதிர்த்தது. நிபந்தனை இருந்தது உண்மை. ஆனால் அதை நிறைவேற்ற இவ்வளவு பெரிய உயர்வை ஒரே வீச்சில் அறிவிக்க வேண்டியிருந்ததா என்பதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. டெல்லியிடம் நாம் எதிர்பார்க்கும் கலந்தாலோசனையை நகராட்சிகளும் ஊராட்சிகளும் சென்னையிடம் எதிர்பார்ப்பது இயல்பே.

ஜிஎஸ்டி மன்றத்தின் அமைப்பையும் குறிப்பிட வேண்டும். அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு; எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்பதால், மாநிலங்கள் அனைத்தும் ஒன்றுகூடினாலும் மத்திய அரசு இசையாமல் எதுவும் நடக்காது. மன்றத்தின் பரிந்துரைகள் கட்டாயப்படுத்துபவை அல்ல என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் நாடெங்கும் ஒரே வரி முறை என்றான பின், தனி ஒரு மாநிலம் விலகி நிற்பது நடைமுறையில் மிகக் கடினம்.

16ஆவது நிதிக் குழு 2024 நவம்பரில் சென்னை வந்தபோது, அன்று முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் மாநிலங்களின் பங்கை 50 சதவீதமாக உயர்த்தக் கோரினார். 9ஆவது நிதிக் குழுவில் 7.931 சதவீதமாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு 15ஆவது குழுவில் 4.079 சதவீதமாகச் சரிந்ததைப் பார்க்கும்போது அக்கோரிக்கையின் வேகம் புரிகிறது. ஆயினும் செஸ்ஸுக்கு வரம்பு இல்லாதவரை 50 சதவீதம் என்பதும் காகிதத்தில் நிற்கும் எண்ணாகவே முடியக்கூடும். செஸ், சர்சார்ஜ் இரண்டும் மொத்த வரி வருவாயில் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், தாண்டும் தொகை தானாகவே பங்கீட்டுத் தொகுப்பில் சேர வேண்டும். ஒவ்வொரு செஸ்ஸுக்கும் முடிவுத் தேதி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவைப்படலாம். 2000ஆம் ஆண்டில் 80ஆவது திருத்தத்தின் மூலம் மத்திய வரிகள் பெரும்பாலானவற்றையும் பங்கீட்டுக்குள் கொண்டுவர முடிந்த நாடாளுமன்றத்துக்கு இது இயலாத காரியமன்று.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் 39 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன், இந்த வரம்பை ஆதரிக்கிறீர்களா, எவ்வளவு என்று நிர்ணயிப்பீர்கள், நாளை மத்தியில் உங்கள் கூட்டணியே ஆட்சிக்கு வந்தாலும் அதே நிலையில் நிற்பீர்களா என்று அவர்கள் ஒவ்வொருவரிடமும் தங்கள் நாளிதழ் கேட்டு, அவர்கள் தரும் பதிலைத் தொகுதி வாரியாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரிக் கணக்காளர் ஒருவர்,
ஈரோடு.