கடிதம் கொடுத்தால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசிய நாட்டு அரசாங்கக் கிளினிக்குகளில், குழந்தைக்கு 18 மாதமாகும்போதும் 3 வயதாகும்போதும் 'எம்-சாட்' என்னும் வினாத்தாளைக் கொண்டு ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டின் அறிகுறிகள் உண்டா என்று பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதில் ஓர் ஐயம் எழுந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

என் பேரனை 18 மாதச் சோதனைக்குத் தூக்கிச் சென்றவள் நான். மகளும் மருமகனும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்கிறார்கள். தோட்டப்புறத்தில் இன்று பல வீடுகளில் பிள்ளை வளர்வது பாட்டி கையில்தான். தாதி மலாயில் கேட்கக் கேட்க, 'போலே, போலே' (முடியும், முடியும்) என்று தலையாட்டினேன். விரலால் சுட்டிக் காட்டுவானா என்ற கேள்விக்கும் அதே பதில்தான். தண்ணீர் வேண்டுமென்றால் அவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், என் கையை எடுத்துக் குழாயின்மேல் வைப்பான். அதைத்தான் கேட்கிறார்கள் என்று எண்ணிவிட்டேன். மேலே பறக்கும் விமானத்தை நோக்கி விரல் நீட்டிவிட்டு, நாமும் பார்க்கிறோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதே சுட்டிக் காட்டுவது என்பதும், பெரியவர் கையைப் பிடித்து வைப்பது வேறு என்பதும் வெகுநாள் கழித்தே எனக்குப் புரிந்தன. 'எப்படிக் காட்டுவான், செய்து காட்டுங்கள் அம்மா' என்று அன்று தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

3 வயதுச் சோதனைக்கு மகளே போனாள். ஐயம் இருப்பதாகச் சொல்லி, மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள். 'ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான். இவன் அப்பனும் அப்படித்தான்' என்றார் சம்பந்தியம்மா. குறித்த தேதியில் மகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அந்தக் கடிதம் பிறப்புப் பத்திரத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் 7 மாதம் கிடந்தது. போனீர்களா என்று கேட்டு ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை. தவறு எங்கள்மீதும் உண்டு, மறுக்கவில்லை. பாலர் பள்ளி ஆசிரியை வற்புறுத்திய பிறகே போனோம். முதலில் காது கேட்கிறதா என்று பார்த்தார்கள், அதன்பின் பேச்சுப் பயிற்சி தொடங்கியது.

இந்தச் சோதனை ஆட்டிசத்தை உறுதி செய்வதன்று, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று மட்டுமே சொல்வது. இது பெற்றோருக்குத் தெரிந்தால் பாதி அச்சம் விலகும். திருத்தப்பட்ட எம்-சாட் வினாத்தாளில் 20 கேள்விகள். அதில் ஐயத்திற்கிடமான பதில்கள் 3 முதல் 7 வரை இருந்தால், அந்தக் கேள்விகளைப் பெற்றோரிடம் உதாரணங்களோடு மறுபடி கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக மேல்பரிசோதனைக்கு அனுப்பலாம். மறுபடி கேட்கும்போது ஐயம் நீங்கிவிடும் பிள்ளைகள் ஏராளம். ஆக, தொடர்ந்து விசாரிப்பது அந்தச் சோதனையிலேயே ஒரு பகுதி. நேரமிருந்தால் செய்யும் உபகாரமன்று.

எனவே சுகாதார இலாகா, பரிந்துரைக்கப்பட்ட பிள்ளைகளின் பட்டியலைக் கிளினிக்கிலேயே வைத்து, தேதி தவறியவர்களை இரண்டு வாரத்திற்குள் அழைக்க வேண்டும். தாதியருக்கு வேலைப்பளு மிகுதி என்பதை அறிவேன். என்றாலும் ஓர் அழைப்புக்கு ஐந்து நிமிடம் போதும். மலாய் சரளமாக வராத பாட்டிமார்களிடம் தமிழில் கேட்கவும் ஓர் ஆள் வேண்டும். பெற்றோரும் அடுத்த சோதனைத் தேதிவரை காத்திராமல், மனத்தில் உறுத்தல் வந்த அன்றே போய்க் கேட்கலாம், அதற்குத் தடையில்லை.

எதிர்வீட்டுக் குழந்தைக்கு அடுத்த மாதம் 18 மாதச் சோதனை. அதன் பாட்டியோடு நானும் போகவிருக்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப்புறப் பாட்டி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.