மத்தி வேண்டாம், ஆசிரியரே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பக்கத்தில் போலந்து நாட்டு ஸ்டார்ட்டர் வகைகளைப் பார்த்தேன். கணவரின் வேலை காரணமாக ஆறு வருடம் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தில் குடியிருந்தவள் நான். ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். முடித்ததும் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அவசரமான விஷயம். ஹெர்ரிங் மீன் கிடைக்காதவர்கள் மத்தியைச் சுத்தம் செய்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, எண்ணெயில் ஊறவைத்துப் பரிமாறலாம் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிட வேண்டாம். ஹெர்ரிங்கும் மத்தியும் பங்காளிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே விருந்துக்கு வைக்கிற ஹெர்ரிங் பச்சை மீன் இல்லை. உப்பில் நாள்கணக்கில் கிடந்து பதமானது. காயவைக்காத கருவாடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். மார்க்கெட்டில் வாங்கிய மத்தியை அடுப்பில் ஏற்றாமல் அப்படியே தட்டில் வைத்தால், விருந்தாளியை ஆஸ்பத்திரியில்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

எங்கள் எதிர் ஃபிளாட் பாட்டி ஹெர்ரிங் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உப்பு மீன் துண்டங்களைத் தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றுவார். நடுநடுவே ஓரத்தில் ஒரு துளி கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பார். முகம் சுளித்தால் இன்னும் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். அப்புறம் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, கண்ணாடி ஜாடியில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு மெல்லிசாக அரிந்த வெங்காயம், இடையிடையே பிரிஞ்சி இலை, மிளகு, ஆல்ஸ்பைஸ். மூழ்குகிற அளவுக்கு எண்ணெய். இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் இருக்கும், அதுவரை ஜாடியை யாரும் தொடக் கூடாது. முதல் தடவை எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாவது வருடம் ஜாடி அடியில் மிஞ்சிய எண்ணெயை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டேன்.

'ஷ்லெச்' என்கிற இந்த ஹெர்ரிங்குக்கு அங்கே தனி மரியாதை. கத்தோலிக்க நாடு, விரத நாள்கள் அதிகம், விரதத்தில் இறைச்சி கிடையாது. அதனால் பீப்பாயில் வந்த உப்பு மீன்தான் பல நூற்றாண்டுகளாகக் கை கொடுத்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு 12 பதார்த்தம் வைக்க வேண்டும், அதில் ஹெர்ரிங் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் கூத்துக்குப் பெயரே 'குட்டி ஹெர்ரிங்'தான்.

அடுத்தது, பியெரோகியையும் பிகோஸையும் ஸ்டார்ட்டர் வரிசையில் சேர்த்திருக்கிறீர்கள். பியெரோகி என்பது நம் கொழுக்கட்டை மாதிரி உள்ளே பூரணம் வைத்து வேகவைத்தது, ஒரு தட்டு தின்றால் ராத்திரி சாப்பாடு முடிந்துபோகும். இறைச்சியும் முட்டைக்கோஸும் மணிக்கணக்கில் வெந்த பிகோஸும் அப்படித்தான். நம் ஊரில் ஒருவர் பிரியாணியை ஸ்டார்ட்டர் என்று எழுதினால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

ஸ்டார்ட்டர் என்ற சொல்லே அந்த மேசைக்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ஹோட்டலில் ஸ்டார்ட்டர் வரும், தீரும், தட்டை எடுப்பார்கள், அடுத்தது வரும். அங்கே வீட்டு விருந்தில் விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மேசை நிறைந்திருக்கும். பெரும்பாலும் எல்லாம் ஆறியது, குளிர்ந்தது. நடுவில் சூடாக ஏதாவது வந்து போகும். இவையோ கடைசி ஆள் கிளம்பும்வரை இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் வீட்டுக்காரம்மா அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை, எல்லோரோடும் உட்கார்ந்து பேசலாம். தோசை ஊற்றியே பாதி விருந்தைத் தவறவிட்ட எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

என்னென்ன இருக்கும்? உருளை, கேரட், பட்டாணி, முட்டை, வெள்ளரி எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்கு நறுக்கி மயோனைஸில் பிசைந்த சாலட் கட்டாயம். (எந்தக் கம்பெனி மயோனைஸ் என்பதில் குடும்பமே இரண்டு கட்சியாகப் பிரியும். நான் வாயே திறக்க மாட்டேன்.) வெட்டிப் பூரணம் வைத்த முட்டை. பன்றிக்கால் வேகவைத்த சாறு உறைந்த ஜெல்லி. ஆட்டுக்கால் பாயாவை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டியாக நிற்குமே, அதேதான். மேலே வினிகர் தெளித்துச் சாப்பிடுவார்கள். இரண்டு கிளாஸ் வோட்காவோடு வந்தால் அதற்கு 'பைனாகுலரும் ஜெல்லி மீனும்' என்று பட்டப்பெயர். அப்புறம் கேரட், தக்காளி போட்ட 'கிரேக்க மீன்'. மஞ்சூரியாவுக்கும் கோபி மஞ்சூரியனுக்கும் என்ன சம்பந்தமோ, கிரீஸுக்கும் அதற்கும் அவ்வளவு சம்பந்தம்.

1981 முதல் 1989 வரை அங்கே இறைச்சிக்கு ரேஷன் கார்டு. அந்தக் காலத்திலும் பெயர்நாள் (பிறந்தநாள் மாதிரி, தன் பெயர் கொண்ட புனிதருக்குரிய நாளைக் கொண்டாடுவது) விருந்தில் மேசை வெறுமையாக இருந்ததில்லை என்று எதிர்வீட்டுப் பாட்டி பெருமையாகச் சொல்வார். முட்டையும் சாலடும் ஹெர்ரிங்கும்தானாம், ஆனால் தட்டுத்தட்டாக. 'அடகு வைத்தாவது அசத்திக் காட்டு' என்று பொருள்படும் பழமொழி அவர்களிடம் உண்டு. கல்யாண மண்டபத்துக்குக் கடன் வாங்குகிற நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு சின்னத் திருத்தம். ஒஸ்ட்சிபெக் சீஸை ஆட்டுப் பால் என்று மட்டும் போட்டால் நாம் வெள்ளாடு என்றே நினைப்போம். அது தாத்ரா மலைச் செம்மறிப் பால் சீஸ். கொஞ்சம் பசும்பால் கலக்கலாம், செம்மறிப் பால் குறையாமல் 60 சதவீதம் இருக்க வேண்டும். 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. மற்றது வெள்ளரிக்காய் ஊறுகாய். வினிகரில் போட்டதும் அங்கே உண்டு, ஆனால் 'ஒகுரெக் கிஷோனி' என்பது வெறும் உப்புத் தண்ணீரில், பூண்டும் சதகுப்பைப் (டில்) பூங்கொத்தும் போட்டு, தானாகப் புளித்தது. மாவடு ஜாடி உள்ள வீட்டுக்காரர்களுக்கு வித்தியாசம் நாக்கிலேயே தெரியும்.

நீங்கள் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். பன்றிக்கொழுப்பை உருக்கி, வெங்காயம் சேர்த்து உறையவைத்த 'ஸ்மாலெட்ஸ்' என்ற பதார்த்தம். ரை என்ற தானியத்தின் (கம்பு என்று நினைத்துவிடாதீர்கள்) கறுத்த ரொட்டியில் அதைத் தடவி, புளித்த வெள்ளரியோடு தருவார்கள். கிராமத்துப் பாணி ஹோட்டல்களில் ஆர்டர் வரும்வரை இதைச் சும்மாவே கொண்டுவந்து வைப்பதுண்டு. அதற்குக் 'காத்திருக்கும் நேரத்துக்கு' என்பதுபோல ஒரு செல்லப்பெயர்கூட உண்டு. சைவக்காரர்களுக்கு இதில் பீன்ஸ் வகை இருக்கிறது, கோவையில் நான் அடிக்கடி செய்வது அதுதான். வெள்ளை ராஜ்மாவை இரவே ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவைத்து மசிக்க வேண்டும். நிறைய வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டி வதக்கி, பொடியாக நறுக்கிய ஆப்பிள் சேர்த்துச் சுருண்டதும், உப்பு, மிளகு, மார்ஜோரம் போட்டு மசியலோடு கலந்தால் சரி. மார்ஜோரம் வேறொன்றுமில்லை, கதம்பத்தில் கட்டுகிற 'மரு' என்ற வாசனைத் தழைதான். ஆனால் பூக்கடையில் வாங்காதீர்கள், மருந்தடித்திருப்பார்கள். என் மாடியில் ஒரு தொட்டி நிறைய இருக்கிறது.

இடம் போதாது என்றால் இதில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். மத்தி விஷயத்தை மட்டும் அடுத்த இதழிலேயே திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.