சோழர் பேச்சுப் போட்டியில் சம்பந்தி வீட்டுக்கும் இடம் கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு முடிவு செய்யும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

சோழர் என்று தலைப்புக் கொடுத்தால் போதும், மேடையில் ரத்த ஆறு ஓட ஆரம்பித்துவிடுகிறது. கங்கை, கடாரம், ஈழம் என்று ஒரே மூச்சில் பிள்ளைகள் முழங்குகிறார்கள். கையை ஓங்கும் இடத்தில் சரியாக ஓங்குகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எழுதிக் கொடுப்பதும் மார்க் போடுவதும் பெரியவர்கள்தானே. ஆனால் வேங்கி நாடு சோழர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும்.

கோதாவரிக்கும் கிருஷ்ணாவுக்கும் நடுவில் இருந்த வேங்கியில் அரியணைச் சண்டை. தோற்ற பக்கத்துச் சக்திவர்மன் தஞ்சைக்கு ஓடிவந்தான். முதலாம் ராஜராஜன் அவனுக்குப் படை கொடுத்து நாட்டை மீட்டுத் தந்தான். அதோடு விடவில்லை. சக்திவர்மனின் தம்பி விமலாதித்தனுக்குத் தன் மகள் குந்தவையைக் கட்டிக்கொடுத்தான். (இவள் ராஜராஜனின் மகள். அவனுடைய புகழ்பெற்ற அக்கா குந்தவை வேறு. பிள்ளைகள் இருவரையும் ஒன்றாக்கிவிடுவார்கள், கவனம்.) அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரனுக்கு ராஜேந்திர சோழன் தன் மகள் அம்மங்கையைக் கொடுத்தான். அவர்களுக்குப் பிறந்த பையன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். மூன்று தலைமுறைக் கொள்வினை கொடுப்பினை! 1070-இல் அதிராஜேந்திரனுக்குப் பின் சோழ அரியணை ஏறியது அந்த வேங்கிப் பையன்தான். அவன்தான் முதலாம் குலோத்துங்கன்.

பெண் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சோழ அரசன் வீரராஜேந்திரனும் கன்னட நாட்டுக் கல்யாணிச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தனுக்கு மகளைக் கொடுத்தான். அந்த மாப்பிள்ளையே பிறகு குலோத்துங்கனுக்கு எதிரியானான். அவனை நங்கிலியிலிருந்து துங்கபத்திரை வரை விரட்டியதாகக் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் அரசன் புகழ் பாடும் பகுதி) சொல்கிறது. நங்கிலி எங்கேயோ இல்லை, பக்கத்துக் கோலார் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தச் சண்டையையும் பிள்ளைகள் பேசட்டும். ஆனால் அது சம்பந்தி வீட்டுச் சண்டை என்பதையும் சேர்த்துப் பேசட்டும்.

கடாரத்தைப் (இன்றைய மலேசியாவின் கெடா) பற்றி ஒன்று. 1025-இல் ராஜேந்திரன் கப்பற்படை அனுப்பியதோடு நம் மேடைக் கதை முடிந்துவிடுகிறது. 1090-இல் அதே கடாரத்து அரசனின் தூதர்கள் குலோத்துங்கனிடம் வந்து, நாகப்பட்டினத்துப் புத்த விகாரைகளுக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்குக் கேட்டுப் பெற்றுப் போனார்கள். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இருந்ததால் அந்தப் பெயர் பெற்ற சிறிய லெய்டன் செப்பேடு இதைச் சொல்கிறது. அதற்கு முன்பே 1077-இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவுக்குப் போயிருக்கிறது. எனக்கு இந்தத் தூதுகள் போர்களைவிடச் சுவாரசியமானவை.

நம் மண்ணுக்கு வருவோம். தகடூர் (நம் தருமபுரிதான்) அதியமான் என்றால் ஒளவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியோடு நிறுத்திவிடுகிறோம். அந்தப் பெயர் சோழர் காலத்திலும் இருந்தது. 1116 வாக்கில் மைசூர்ப் பக்கத்துத் தலைக்காட்டில் சோழர் சார்பாகக் காவல் நின்ற தலைவனைக் கன்னட நாட்டு ஹொய்சள அரசரின் கல்வெட்டு அதியமன் என்கிறது. ஊரை ஒப்படை என்று ஹொய்சளத் தளபதி கங்கராஜன் கேட்டபோது, சண்டை போட்டு எடுத்துக்கொள் என்றானாம். தலைக்காடு போய்விட்டது. அப்புறம் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் தகடூரை ஆண்ட, அதியமான் வழியில் வந்த விடுகாதழகிய பெருமாளைப் பாருங்கள். ஊத்தங்கரை தாண்டித் திருவண்ணாமலை போகும் வழியில் இருக்கிறதே செங்கம், அங்குள்ள கல்வெட்டொன்றில் அவன் பெயரும் சீயகங்கன் பெயரும் கூட்டாளிகளாக வருகின்றன. பவணந்தியை நன்னூல் எழுதவைத்த அதே சீயகங்கன்தான். பேரரசு தளர்ந்துகொண்டிருந்த காலத்தில் அதைத் தாங்கியது இப்படிப்பட்ட சிற்றரசர்களின் கூட்டுதான். அவர்களில் ஒருவன் நம் ஊர்க்காரன். பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா?

அடுத்த போட்டிக்கு 'வேங்கி மாப்பிள்ளைகள்', 'கடாரத்துத் தூதர்கள்', 'விடுகாதழகிய பெருமாளின் கூட்டாளிகள்' ஆகிய மூன்றில் ஒன்றையாவது தலைப்பாக வையுங்கள். குரல் ஏற்ற இறக்கத்துக்குத் தரும் மார்க்கில் பாதியை நடுவர் கேட்கும் ஒரு கேள்விக்கு ஒதுக்குங்கள். பேசி முடித்த பிள்ளை குலோத்துங்கனின் அம்மா யார் மகள் என்று சொன்னால் அந்த மார்க்கை முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
வரலாறு நடத்தும் ஓர் ஆசிரியர்,
தருமபுரி மாவட்டம்.