பைக்காராவில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்?

நீலகிரி ஏரிகளுக்குப் படகு எஞ்சின் தேர்ந்தெடுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தூத்துக்குடிக் கரையில் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்புறத்தில் வெளியே மாட்டுவது) வேலை கற்றுக்கொண்டு, பிழைப்புக்காக உதகைக்கு வந்தவன் நான். கேட்க வந்தது ஒன்றுதான். அடுத்த முறை வேகப் படகுக்கு எஞ்சின் வாங்கும்போது குதிரைத்திறனையும் விலையையும் மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நம் ஏரியில், நாம் ஏற்றும் ஆட்களோடு, வழக்கமாக ஓட்டும் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் ஆகிறது என்று அளந்து பார்த்து வாங்குங்கள்.

கம்பெனிக்காரர்கள் தரும் அட்டவணை பொய் என்று நான் சொல்லவில்லை. அது பெரும்பாலும் கடல்மட்டத்தையொட்டிய நீரில், அவர்கள் தேர்ந்தெடுத்த படகில், குறைந்த சுமையோடு எடுத்த கணக்கு. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பைக்காரா ஏரியும் ஏறக்குறைய 2,000 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் என்றால் 100 குதிரைத்திறன் என்று வாங்கியது இங்கே 80 சொச்சம்தான் தரும். பழைய கார்புரேட்டர் எஞ்சினாக இருந்தால் காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாது. கலவையில் பெட்ரோல் மிகுந்து பிளக் கறுத்துப்போகும், புகை கக்கும். பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை மாற்றினால்தான் சரியாகும். எரிபொருளைத் தானே தெளிக்கும் புது எஞ்சின்கள் காற்றழுத்தத்தைச் சென்சாரில் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்கின்றன. மலைக்கு அவைதான் ஏற்றவை.

எனக்கு இதைக் கற்றுத்தந்தது ஒரு படகு. கடற்கரையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அதை, நீரைத் தள்ளும் அதே புரொப்பல்லர் விசிறியோடு மலையில் ஓர் ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். திராட்டிலை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுதாக முடுக்கியும் நிமிடத்துக்கு 4,600 சுற்றைத் தாண்டவில்லை. அந்த எஞ்சின் 5,000-க்கும் 6,000-க்கும் நடுவில் சுற்ற வேண்டியது. ஆறு பேர் ஏறினால் அணியம் (படகின் முன்பகுதி) வானத்தைப் பார்த்து நிற்கும், படகு நீர்மேல் எழாது. பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எஞ்சினில் கோளாறு என்று இரண்டு முறை பிரித்தோம், ஒன்றும் இல்லை. கடைசியில் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், மூன்று அங்குலம் குறைந்த புரொப்பல்லரை மாட்டியதும் சுற்று 5,200-ஐத் தொட்டது, படகும் எழுந்துகொண்டது. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 200 சுற்று கூடும். அதனால் எஞ்சினோடு புரொப்பல்லரையும் சேர்த்தே ஒப்பிடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். தவறான புரொப்பல்லர் மாட்டிய நல்ல எஞ்சின் இந்த ஒப்பீட்டில் அநியாயமாகத் தோற்றுப்போகும்.

அப்புறம், மணிக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் 100 குதிரைத்திறனை முழுதாகத் தரும்போது மணிக்கு 35 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். திராட்டிலை இறக்கி 4,000 சுற்றுக்குக் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஆனால் இந்த எண் தனியாக நின்றால் ஏமாற்றும். கணக்குக்காகச் சொல்கிறேன்: ஓர் எஞ்சின் மணிக்கு 14 லிட்டரில் 28 கிலோமீட்டர் போகிறது, இன்னொன்று 18 லிட்டரில் 40 கிலோமீட்டர் போகிறது. முதலாவது சிக்கனமாகத் தெரியும். வகுத்துப் பாருங்கள், முதலாவதற்குக் கிலோமீட்டருக்கு அரை லிட்டர், இரண்டாவதற்கு 0.45 லிட்டர்.

மெதுவாகப் போனால் மிச்சம் என்று நினைக்கும் ஓட்டுநர்களையும் பார்த்திருக்கிறேன். 16 அடிப் படகு மணிக்கு 10 கிலோமீட்டர் வரை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சுகமாகப் போகும். அதற்கு மேல் தான் கிளப்பிய அலையின் மேலேயே ஏற வேண்டியிருக்கும். முழுதாக எழுந்து ஓடும் வரைக்கும் உள்ள அந்த இடைப்பட்ட வேகத்தில்தான் கிலோமீட்டருக்கு அதிகமாகக் குடிக்கும். ஒன்று 10-க்குள் போக வேண்டும், இல்லையென்றால் எழுப்பி, சுற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கடலில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போவார்கள். பைக்காராவில் சில நிமிடச் சவாரி. கிளம்புவது, எழுவது, ஒரு வளையம், திரும்பி வந்து படித்துறையில் எஞ்சினை அணைக்காமல் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருப்பது. சீரான வேகத்தில் அளந்ததோடு, இப்படி முழுச் சவாரி பத்துக்கும் அளந்தால்தான் உண்மை தெரியும். காத்திருக்கும் நேரத்தில் அணைத்து வைப்பது எந்த எஞ்சினுக்கும் மிச்சம்தான்.

கார்புரேட்டர் வைத்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இந்த ஏரிகளுக்குக் கொண்டுவர வேண்டாம். குடிக்கும் பெட்ரோலில் கால்வாசி வரை எரியாமலே புகைபோக்கி வழியாகத் தண்ணீரில் கலக்கும், கூடவே எண்ணெயும். பைக்காரா தோடர்களுக்குப் புனிதமான ஆறு. அது மாயாறாகி, பவானியில் சேர்ந்து, காவிரிக்குப் போகும் தண்ணீர். பெட்ரோலை நேரடியாக எஞ்சின் சிலிண்டருக்குள் தெளிக்கும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தவைதான், சிக்கனத்தில் நான்கு ஸ்ட்ரோக்குக்குப் பக்கத்தில் வருபவை. ஆனால் அந்த வகையில் பேர்பெற்ற எவின்ரூட் இ-டெக் உற்பத்தி 2020-இல் நின்றுவிட்டது. உதிரிப்பாகத்தை நினைத்தால் எனக்கு மனம் வரவில்லை.

அளப்பது பெரிய வேலையில்லை. தனிக் கேனில் பெட்ரோல், ஒரு தராசு, வேகம் காட்டும் கைப்பேசி போதும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கேனை எடைபோட வேண்டும். பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ. 3,000 சுற்றிலிருந்து 500 சுற்று வித்தியாசத்தில், காற்றின் போக்கில் ஒரு முறை, எதிரே ஒரு முறை ஓட்டிச் சராசரி எடுக்கலாம். ஆள் எடைக்கு மணல் மூட்டை வைத்துக்கொள்ளலாம்.

காலையில் பயணிகள் வருவதற்கு முன் ஏரி அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு நாள் அனுமதி கொடுத்தால் தராசோடு நானே வருகிறேன். கூலி வேண்டாம். உங்கள் ஓட்டுநர்கள் இருவர் கூட இருந்து அவர்கள் கையாலேயே எண்களைக் குறித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உதகையிலிருந்து ஓர் எஞ்சின் மெக்கானிக்