கல்லாற்றங்கரை வண்ணத்துப்பூச்சிக் காலை: நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம். கல்லாற்றங்கரையில் வண்ணத்துப்பூச்சி பார்த்துப் படமெடுக்க நாம் கூடிய காலைக்கு உதவியவர்களுக்கான மடல் இது.

முதல் நன்றி வேட்டைத் தடுப்புக் காவலருக்கு. யானை இறங்கும் தடம், ஏழரைக்கு முன் ஆற்றுப்பக்கம் போகக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் விடியலில் வண்ணத்துப்பூச்சி பறக்காது. வெயில் பட்டு உடம்பு சூடேற வேண்டும். எட்டு மணி வாக்கில் சிறகை விரித்துக் குளிர்காயும்போதுதான் மேற்புறம் படத்துக்குக் கிடைக்கும். சித்திரை வெயிலில் பத்தரை தாண்டினால் பாதிப் பூச்சிகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும்.

ஈரமணலை மிதிக்காமல் சுற்றிப்போன எல்லோருக்கும் நன்றி. உப்புச்சத்துக்காக அங்கே கூடுபவை பெரும்பாலும் ஆண்கள். நம் நிழல் விழுந்தாலே கூட்டம் எழும்பிவிடும். துரத்த வேண்டாம், அசையாமல் உட்கார்ந்திருந்தால் பல நேரம் அதே ஈரத்துக்கே திரும்பும்.

சின்னவற்றை நெருங்கிப் பெரிதாக எடுக்க உதவும் தன் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸை மாணவர்களிடம் நம்பிக் கொடுத்த அண்ணனுக்குத் தனி நன்றி. படங்கள் கெட்டதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், மூடிய சிறகைச் சாய்வாக நின்று எடுத்தது. கேமராவைச் சிறகுக்கு இணையாகப் பிடித்தால் லென்ஸின் துளையளவு எஃப் 8-இலேயே ஓரம்வரை தெளிவு வரும். தேன் குடிக்கும்போதும் படபடக்கும் அழகி வகை வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடியாவது வேண்டும். அதற்காக கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றத் தயங்காதீர்கள். ஆடிய படத்தைவிடப் புள்ளி தெரியும் படம் மேல்.

வரப்பில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியை வெட்டாமல் விட்ட தோட்டக்காரருக்கும் கடன்பட்டிருக்கிறோம். வரியன் வகை வண்ணத்துப்பூச்சிகள் அதில் மொய்த்தது தேனுக்காக அல்ல. காய்ந்த தண்டிலிருந்து ஆண்கள் உறிஞ்சும் வேதிப்பொருள்தான் பெண்ணைக் கவரும் மணமாகிறது. பூச்சிகளை ஈர்க்க அழுகிய வாழைப்பழம் தர முன்வந்த பழக்கடை அக்கா மன்னிக்கவும்: பழச்சாற்றுக்கு வரும் இனங்கள் உண்டு, ஆனால் யானைத் தடத்தில் பழம் வைப்பது வம்பு.

இனம் பிரித்துத் தந்த தோழிக்கு நன்றி. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை ரோஜா அழகி போலவே வேடம் போடும். உடல் சிவப்பா கருப்பா என்று பார்த்தால் போதும், சிவப்பென்றால் ரோஜா அழகி. வெந்தய வரியனின் பின்சிறகு நடுவே பெண்ணுக்கு மூன்று கரும்புள்ளி, ஆணுக்கு நான்கு. அதன் வேடமிடும் வேறோர் இனத்துப் பெண்ணுக்கு மேலோரத்தில் ஒன்றே ஒன்று.

நீலன் வகைச் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் இன்னும் பெயரில்லாமல் கிடக்கின்றன. அடிப்புறம் தெரியும் படம் வைத்திருப்பவர்கள், படத்தின் ஓரங்களை வெட்டாமல், தேதியும் இடமும் குறித்து அனுப்புங்கள். அதற்கும் முன்கூட்டியே நன்றி.

இப்படிக்கு,
ஒருங்கிணைப்புக் குழுவினர்