மாடர்ன் ஹிஸ்டரி எந்த வருஷத்துல ஆரம்பிக்குது?

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்கால ஹைஸ்கூல் பிள்ளைங்க எடுக்கிற, காலேஜ் தரத்துல இருக்கிற "ஏபி வேர்ல்ட் ஹிஸ்டரி: மாடர்ன்" பாடத்தை என் பொண்ணு இந்த வருஷம் படிக்கிறா, ராத்திரி அவகூட உக்காந்து படிச்சதுல எனக்கே நெறைய விஷயம் இப்பதான் தெரிஞ்சுது, அதான் எழுதுறேன்.

பாடத்தோட பேர்லயே மாடர்ன்னு இருக்கு, ஆனா 1200ல ஆரம்பிக்குது. 2018ல இந்தப் பாடத்தையும் பரீட்சையையும் நடத்துற காலேஜ் போர்டு இத 1450ல இருந்து ஆரம்பிக்கப் போறோம்னு சொன்னாங்க, டீச்சருங்களும் பசங்களும் விடல, அப்படி வெட்டினா ஐரோப்பாக்காரங்க கப்பல் ஏறின பிறகுதான் உலகமே முழிச்ச மாதிரி ஆயிடும்னு சண்ட போட்டாங்க, அப்புறம்தான் 1200னு மாத்தினாங்க. அது நியாயமான சண்டைன்னுதான் நான் சொல்வேன். ஆப்பிரிக்காவுல மாலி ராஜாவா இருந்த மன்சா மூசா 1324ல ஹஜ் போற வழில கெய்ரோல வாரிக் குடுத்த தங்கத்தால அங்க தங்கத்தோட மதிப்பே இறங்கிருச்சு, 1405ல இருந்து 1433 வரைக்கும் சீனத் தளபதி செங் ஹ ஏழு தடவ சீனக் கப்பல்களோட இந்தியப் பெருங்கடலுக்கு வந்துட்டுப் போனாரு, இதெல்லாம் படிக்காம 1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தத மட்டும் படிச்சா, அரபு, குஜராத்தி, தமிழ் வியாபாரிங்க பருவக்காத்த வச்சு காலங்காலமா ஓட்டிட்டிருந்த கடலுக்கு அவரு புதுசா வந்தவருன்னு பிள்ளைங்களுக்கு எப்படிப் புரியும்?

பரீட்சைல எனக்கு ரொம்பப் பிடிச்சது டிபிக்யூ தான், அதாவது ஆவணங்கள வச்சு கேக்குற கேள்வி. ஏழு ஆவணம் குடுப்பாங்க, யாரு எழுதினது, யாருக்காக, எதுக்காகன்னு யோசிச்சு ஒரு மணி நேரத்துல கட்டுரை எழுதணும், மனப்பாடம் மட்டும் பண்ணிட்டுப் போனா ஒண்ணும் நடக்காது.

செங் ஹ பத்தி படிக்கிறப்ப இலங்கைல காலிங்கிற துறைமுக ஊர்ல கெடச்ச, சீனச் சக்கரவர்த்தி பேர்ல செங் ஹ வச்ச கல்வெட்டப் பத்தி அவளுக்குச் சொன்னேன். 1409ஆம் வருஷத்து கல்லு, இப்ப கொழும்பு மியூசியத்துல இருக்கு, சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழி, சீனத்துல புத்தருக்குக் காணிக்கை, தமிழ்ல தென்னாவரை நாயனாருங்கிற விஷ்ணுவுக்கு, பாரசீகத்துல அல்லாவுக்கு. உடனே டிபிக்யூல கேக்குற மாதிரியே கேட்டா, "ஏம்ப்பா ஒரே ராஜா மூணு சாமிக்கும் குடுக்குறாரு, யாரு படிக்கணும்னு இத வெட்டினாரு?" அந்தத் துறைமுகத்துல யாரெல்லாம் இருந்தாங்க, யாரோட தயவு வேணும்னு சீனா நெனச்சுதுன்னு ரெண்டு பேரும் பேசிட்டே இருந்தோம், மணி பன்னெண்டு ஆயிருச்சு.

ஒரு வருத்தமும் இருக்கு. 1025ல ராஜேந்திர சோழன் கடாரத்து மேல (இப்ப மலேசியால இருக்கிற கெடா) படையெடுத்தது 1200க்கு முன்னாடி போயிடுது, பாடத்துல வராது. அதுக்காக பாடத்தக் குறை சொல்லல, எங்கயாவது ஒரு கோடு போட்டுதான் ஆகணும், ஆனா கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்துச்சுன்னு வீட்ல நாமதான் சொல்லணும்.

அதனால உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். உங்க மாணவர் பக்கத்துல காலி கல்வெட்டோட தமிழ்ப் பகுதியையும், தஞ்சாவூர் பெரிய கோயில்ல கடாரத்தப் பத்தி வெட்டியிருக்கிற வரிகளையும் போட்டோவோட, இன்னைய தமிழ்ல விளக்கத்தோட போடுங்க. கீழ பதில் எதுவும் போட வேணாம், யாரு, யாருக்காக, எதுக்காகன்னு மூணு கேள்வி மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்