வாக்காளர் அலட்சியமா, முகவரி மாற்றமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் வாக்குப்பதிவை உயர்த்தக் கோலப் போட்டியும் பேரணியும் நடத்தப்படுவது பற்றிய செய்தியைப் படித்தேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலம் 72 சதவீதத்தைத் தாண்டியபோது சென்னை 60-ஐக்கூட எட்டவில்லை. இதை நகரவாசிகளின் அலட்சியம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். நகருக்குள் இருந்த வீடுகளை இழந்து, பெரும்பாக்கம் போன்ற புறநகர்க் குடியிருப்புகளில் மறுகுடியமர்த்தப்பட்டவர்களின் நிலை யாருக்கும் தெரிவதில்லை. அந்தத் தேர்தலன்று எங்கள் பெரும்பாக்கம் குடியிருப்பில் எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தையுடன் இரண்டு பேருந்து மாறிப் பழைய முகவரியான புளியந்தோப்புக்குப் போனார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. வாக்காளர் அட்டையைக் கையில் பிடித்தபடியே மாலையில் திரும்பி வந்தார். அவரையா அலட்சியக்காரர் என்பது?

முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 போதும். ஆனால் அதை இணையத்தில் நிரப்ப இங்கே பலருக்குத் தெரியாது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் சேர்க்கவும் முடியாது. ஆகவே, பெரும்பாக்கம், கண்ணகி நகர், எழில் நகர் ஆகிய இடங்களில் தேர்தல் அலுவலர்கள் உடனே மாலைநேர முகாம் நடத்த வேண்டும். வீடுவீடாக வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்களும் துண்டறிக்கையோடு அந்தப் படிவத்தையும் எடுத்து வரட்டும்.

– ஒரு வாசகர், பெரும்பாக்கம், சென்னை